இரண்டாவது சோதனை

ரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக ஒரு லேப் தவறாகச் சொல்லிவிட்டால், மறுவாரம் இன்னோர் இடத்தில் பார்த்து நிம்மதி அடைந்துவிடலாம். சிபிலிஸ் என்றோ எச்ஐவி என்றோ தவறாகச் சொல்லிவிட்டால், அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு குடும்பமே உடைந்துபோகலாம். பால்வினை நோய்க்கான பரிசோதனை முடிவு ஒருவரின் உடம்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கணவன், மனைவி, நிச்சயமான கல்யாணம், வயிற்றில் இருக்கும் பிள்ளை என்று பலரையும் சேர்த்துப் பேசிவிடுகிறது. அதே நேரத்தில், இந்த நோய்களைப் போல ஆய்வகத்தை நம்பியே கண்டறிய வேண்டிய நோய்களும் குறைவு. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, மருந்து போடாமலே சில வாரங்களில் ஆறிவிடும், ஆனால் அதற்குள் கிருமி உடம்பெங்கும் பரவியிருக்கும். எச்ஐவி பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். பார்த்தும் விசாரித்தும் பிடிபடாத நோயை ஆய்வகம்தான் பிடித்தாக வேண்டும். அது தவறினால் நேரும் சேதமோ மற்ற நோய்களில் நேர்வதைவிடப் பெரிது. இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் கண்டடைந்த விடை ஒன்று உண்டு. ஒரு சோதனையின் முடிவை மட்டும் வைத்து நோய் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, முதல் சோதனை போகும் வழியில் போகாத இன்னொரு சோதனை அதை உறுதிசெய்ய வேண்டும் என்பதுதான் அது. இதைப் பலரும் ஆய்வகங்களின் சம்பிரதாயம் என்றோ கூடுதல் பில் போடும் வழி என்றோ நினைக்கிறார்கள். நோயறிதல் என்ற வேலையே அந்த இரண்டாவது சோதனையில்தான் நிறைவடைகிறது என்பதைக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

இதைப் புரிந்துகொள்ள சிபிலிஸின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 1905-ல் பெர்லினில் ஃபிரிட்ஸ் ஷாடின், எரிக் ஹாஃப்மன் இருவரும் சிபிலிஸ் புண்ணில் ஊறிய நீரில் மெல்லிய திருகுச்சுருள் வடிவக் கிருமியைக் கண்டார்கள். ட்ரிபொனிமா பாலிடம் என்ற அந்தக் கிருமியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கியில் அது எளிதில் தெரியாது. பின்புலத்தை இருட்டாக்கி, பக்கவாட்டு ஒளியில் மின்னவைத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். அதுவும் புண் ஈரமாக இருக்கும்போது, உயிரோடு நெளியும் நிலையில், அந்தச் சில நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும். பாக்டீரியாக்களைப் பொதுவாக ஊட்டக் கூழில் வளர்த்து அடையாளம் காண்பார்கள். இந்தக் கிருமியோ அப்படி வளர மறுத்துவிட்டது. முயலின் உடம்பில் மட்டுமே அதை நீண்டகாலம் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. ஆய்வகக் குடுவையில், முயலின் செல்களோடு சேர்த்துத் தொடர்ந்து வளர்க்கும் முறையை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கண்டுபிடித்து வெளியிட்டது 2018-ல்தான். ஆக, புண் ஆறிவிட்ட நோயாளியிடம் கிருமியைத் தேடிப் பயனில்லை. அது ரத்தத்தில் விட்டுச்சென்ற சுவடைத்தான் தேட வேண்டும்.

அந்தச் சுவடை முதலில் தேடியவர்கள் ஆகஸ்ட் வாசர்மனும் அவருடைய சகாக்களான ஆல்பர்ட் நைசர், கார்ல் புரூக் ஆகியோரும். 1906-ல் அவர்கள் சிபிலிஸால் இறந்து பிறந்த சிசுக்களின் ஈரலிலிருந்து சாறு எடுத்தார்கள். அந்த ஈரலில் கிருமி மொய்த்திருக்கும். அதோடு நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரைச் சேர்த்தால், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. சோதனை வேலை செய்தது. உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அடுத்த ஆண்டே, ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லான்ட்ஸ்டைனர் உள்ளிட்ட பலர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கிருமியே இல்லாத நல்ல ஈரலின் சாறும், ஏன், விலங்குகளின் இதயத்திலிருந்து சாராயத்தில் எடுத்த சாறும் கூட அதே விடையைத் தந்தன. சோதனை தேடியதாக நினைத்தது ஒன்று, உண்மையில் கண்டது வேறொன்று. லுவோவ் நகர மருத்துவர் லுட்விக் ஃபிளெக் 1935-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனையின் கதையை நுணுகி ஆராய்ந்தார். தொடக்கத்தில் நூறு நோயாளிகளில் பதினைந்து இருபது பேரிடம் மட்டுமே பலித்த சோதனை, எண்ணற்ற ஆய்வக ஊழியர்கள் அளவுகளைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பழகியதில் எழுபது தொண்ணூறு பேரிடம் பலிக்கும் நிலைக்கு வந்தது என்று அவர் எழுதுகிறார். அடிப்படைக் கருத்து தவறு, ஆனால் கருவி பயன்பட்டது. இது ஆய்வகத்தைக் குறைசொல்லும் செய்தி அல்ல. ஒரு சோதனை எதை அளக்கிறது என்பதை அதன் பெயரிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அது எதை அளந்தது என்பது 1941-ல் தெரிந்தது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வகத்தில் மேரி பாங்பார்ன் மாட்டு இதயத்திலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் கார்டியோலிபின் என்று பெயரிட்டார். நம்முடைய செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் பொருள்தான் அது. சிபிலிஸ் திசுக்களைச் சிதைக்கும்போது இந்தக் கொழுப்புக்கு எதிராகவும் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. வாசர்மன் சோதனை பார்த்தது அதைத்தான். தூய கார்டியோலிபின் கிடைத்த பிறகு சோதனையும் எளிதானது. 1946-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் பால்வினை நோய் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான சோதனை அந்தக் கூடத்தின் முதலெழுத்துகளையே பெயராகப் பெற்றது. விடிஆர்எல் என்று நம்மூர் லேப் சீட்டிலும் கர்ப்பிணிகளின் பரிசோதனைப் பட்டியலிலும் இன்றும் நாம் படிப்பது அதைத்தான். அதன் தம்பியான ஆர்பிஆரில் கரித்தூள் சேர்த்திருப்பதால் நுண்ணோக்கி வேண்டாம், அட்டையில் கரும்புள்ளிகள் திரள்வதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். விலை குறைவு, வேகம் அதிகம். சீரத்தை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய் எந்த அளவு வரை திரள்கிறது என்று பார்த்தால் நோயின் வேகமும் தெரியும். 1:32 என்று இருந்தது சிகிச்சைக்குப் பிறகு 1:8 ஆனால் மருந்து பலித்தது என்று பொருள்.

இத்தனை நல்ல சோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு, அது பெரிய பலவீனம். கார்டியோலிபினுக்கு எதிரான எதிர்ப்பொருள் சிபிலிஸில் மட்டும் உண்டாவதில்லை. மலேரியா, தொழுநோய், சில வைரஸ் காய்ச்சல்கள், முதுமை, எப்போதாவது கர்ப்பம் என்று பல நிலைகளில் அது தோன்றும். இது வெறும் சந்தேகமாக இருந்த காலம் 1949-ல் முடிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நெல்சனும் மான்ஃப்ரெட் மேயரும் முயலிடமிருந்து எடுத்த உயிருள்ள ட்ரிபொனிமாக்களை நோயாளியின் சீரத்தில் விட்டு, அவை நெளிவதை நிறுத்துகின்றனவா என்று பார்க்கும் சோதனையை உருவாக்கினார்கள். நிறுத்தினால் அந்தக் கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருள் சீரத்தில் இருக்கிறது. செலவும் சிரமமும் மிகுந்த சோதனைதான், ஆனால் முதல் முறையாகப் பழைய பாசிட்டிவ்களை வேறொரு வழியில் சரிபார்க்க முடிந்தது. சிபிலிஸ் என்று ஆண்டுக்கணக்கில் முத்திரை குத்தப்பட்டு, வேண்டாத மருந்தையும் அவப்பெயரையும் சுமந்தவர்களில் கணிசமானவர்களுக்கு அந்த நோய் எப்போதுமே இருந்ததில்லை என்று தெரியவந்தது. அவர்களில் பெண்கள் அதிகம். 1950-களில் அதே பல்கலைக்கழகத்தின் ஜோசப் மூரும் சகாக்களும் இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோய் அவர்களில் பலரிடம் இருப்பதை, அல்லது பின்னாளில் தோன்றுவதைக் கண்டார்கள். 1983-ல் லண்டனில் கிரகாம் ஹியூஸும் அவருடைய குழுவும் இந்த எதிர்ப்பொருளை நேரடியாக அளக்கும் முறையைக் கண்டுபிடித்து, ரத்தக்குழாய் அடைப்பும் திரும்பத் திரும்பக் கருச்சிதைவும் வரும் ஒரு தனி நோயை அடையாளம் காட்டினார்கள். சிபிலிஸ் என்று தவறாகப் படிக்கப்பட்ட அதே முடிவு, சரியாகப் படிக்கப்பட்டபோது, கருக்கலைந்து தவித்த பெண்களுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பரினும் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றும் வழியைக் காட்டியது. இரண்டாவது சோதனை முதல் சோதனையைத் திருத்தியதோடு நிற்கவில்லை, அது என்ன சொல்ல வந்தது என்பதையும் புரியவைத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். லூபஸ் உள்ள பெண்ணுக்கு விடிஆர்எல் சோதனையை வேறு வேறு லேப்களில் நூறு முறை செய்தாலும் நூறு முறையும் பாசிட்டிவ் வரலாம். ஒரே சன்னல் வழியாகப் பார்த்த இருவர் சாட்சி சொன்னால் அது இரண்டு சாட்சியம் ஆகாது. இரண்டாவது சோதனை வேறொரு பொருளைத் தேட வேண்டும், அதன் பலவீனங்கள் வேறாக இருக்க வேண்டும். இன்று அந்த இடத்தில் இருப்பது டிபிஎச்ஏ போன்ற, கிருமியின் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள். இவற்றின் பலவீனம் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், முழுமையாகக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்து, ஊசி போட்டுச் சரியான நோயையும் நேற்று வந்த நோயையும் அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆக, விடிஆர்எல் நோய் இப்போது வேகமாக இருக்கிறதா என்பதைச் சொல்லும், ஆனால் அது சிபிலிஸ்தான் என்று உறுதி தராது. டிபிஎச்ஏ இது சிபிலிஸ்தான் என்று சொல்லும், ஆனால் எப்போதைய சிபிலிஸ் என்று சொல்லாது. இரண்டும் சேரும்போதுதான் மருத்துவருக்கு ஒரு முழு வாக்கியம் கிடைக்கிறது.

பெரிய ஆய்வகங்களில் இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டதால் வரிசை தலைகீழாகி, கிருமியைக் குறிவைக்கும் சோதனை முதலிலும் ஆர்பிஆர் பின்னாலும் செய்யப்படுகின்றன. இயந்திரம் செய்வதால் பிழையே இராது என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006 முதல் 2010 வரை ஐந்து ஆய்வகங்களில் இந்தத் தலைகீழ் வரிசையில் சோதித்த 1,40,176 மாதிரிகளை அலசியது. முதல் சோதனையில் பாசிட்டிவ் ஆனவை 4,834. அவற்றில் 2,743 மாதிரிகள் ஆர்பிஆரில் நெகட்டிவ். இந்த முரண்பட்டவற்றை, கிருமியையே குறிவைக்கும் வேறொரு வகைச் சோதனைக்கு மூன்றாவதாக அனுப்பியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கும் நெகட்டிவ். அதாவது முதல் இயந்திரத்தின் சொல்லை மட்டும் நம்பியிருந்தால், நூற்றுக்கணக்கானோர் ஆதாரமின்றி சிபிலிஸ் நோயாளி ஆகியிருப்பார்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கினர் பெரும்பாலும் முன்பே வந்து குணமானவர்களாகவோ, ஆர்பிஆர் தவறவிடும் மிக ஆரம்பநிலை அல்லது நாட்பட்ட நிலை நோயாளிகளாகவோ இருக்கக்கூடியவர்கள். இரண்டு சோதனைகள் முரண்பட்டால் குழப்பம் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். அந்த முரண்பாடே ஒரு தகவல்தான், அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

நல்ல சோதனை ஏன் இப்படித் தவறுகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். இந்தியாவில் வயதுவந்தோரில் எச்ஐவி தொற்று ஏறத்தாழ 0.2 சதவீதம். ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் 200 பேர். தொற்று உள்ள யாரையும் தவறவிடாத, தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதத்தினரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் ஒரு சோதனை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறப்பான சோதனை. தொற்று உள்ள 200 பேருக்கும் பாசிட்டிவ் வரும். தொற்று இல்லாத 99,800 பேரில் அரை சதவீதம், அதாவது 499 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வெளியே வரும் 699 பேரில் உண்மையான நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே சோதனையை, ஐந்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள ஒரு குழுவில் செய்தால் 20,000 உண்மைப் பாசிட்டிவ்களுக்கு 400 பொய்ப் பாசிட்டிவ்களே வரும். சோதனை மாறவில்லை, கிட் மாறவில்லை, அதைச் செய்த டெக்னீஷியனும் மாறவில்லை. யாரிடம் செய்கிறோம் என்பது மட்டும் மாறியதில் முடிவின் பொருளே மாறிவிட்டது. இப்போது முதல் குழுவின் 699 பேருக்கும், வேறு வழியில் இயங்கும் அதே தரமுள்ள இரண்டாவது சோதனையைச் செய்தால், 499 பொய்ப் பாசிட்டிவ்களில் இரண்டு மூன்று பேரே மிஞ்சுவார்கள். இந்தச் சுருங்குதலை இன்னும் துல்லியமான ஒரே சோதனையால் அடைவது மிகக் கடினம். வேறுபட்ட இரண்டு நல்ல சோதனைகள் சேர்ந்து அதை எளிதில் செய்துவிடுகின்றன.

இந்தக் கணக்கை மறந்து சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் சாட்சி. கல்யாண உரிமம் வாங்க வருவோர் அனைவரும் எச்ஐவி சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 1988-ல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு மாதங்களில் 70,846 பேர் சோதிக்கப்பட்டார்கள். தொற்று காணப்பட்டவர்கள் 8 பேர். ஒருவரைக் கண்டறிய ஆன செலவு ஏறத்தாழ 3,12,000 டாலர். அதற்குள் மாநிலத்தில் கல்யாண உரிமங்கள் 22.5 சதவீதம் குறைந்துபோயின. ஜோடிகள் பக்கத்து மாநிலங்களுக்குப் போய் மணம் முடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டே சட்டம் கைவிடப்பட்டது. நம் நாட்டிலும் கல்யாணத்துக்கு முன் எச்ஐவி சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை நல்லெண்ணத்தோடு அவ்வப்போது எழுகிறது. மகளைப் பெற்றவர்களின் கவலை புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் தொற்று மிகக் குறைவான ஒரு கூட்டத்தில், நாள் குறித்த அவசரத்தில், ஒற்றைச் சோதனையின் முடிவை இரண்டு வீட்டாரும் படிக்கும் சூழலில், அந்தச் சீட்டு காப்பதைவிடக் கெடுப்பதே அதிகமாக இருக்கும். விரும்பிச் சோதித்துக்கொள்வது வேறு, அது வரவேற்கத்தக்கது.

சரியாகச் செய்வது எப்படி என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்ஐவி பற்றிய ஆய்வை ஒப்படைத்தார். அந்நோய் இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதிக்கச் சென்னையில் வசதி இல்லாததால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச்சென்று எலிசா சோதனை செய்தார்கள். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றக்கூடிய முடிவு அது. அந்த நிலையில் அவர்கள் செய்தது, மீண்டும் மாதிரி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு வகைச் சோதனையால் உறுதிசெய்துகொண்டது. அதன் பிறகே அரசு அறிவித்தது. எலிசா மொத்தமாக எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறது. வெஸ்டர்ன் பிளாட் வைரஸின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்தெந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பார்க்கிறது. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்ற உண்மை நிலைபெற்றது அந்த இரண்டாவது சோதனையில்தான்.

இந்தப் பாடம் பின்னர் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் விதிமுறையாகவே ஆனது. அந்த விதிமுறை எனக்கு மிகவும் அறிவார்ந்ததாகப் படுகிறது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே அளவு சோதனை என்று அது சொல்லவில்லை. ரத்த வங்கியில் ஒரு சோதனை போதும், சந்தேகம் வந்தால் அந்தப் பையைக் கொட்டிவிடலாம். நோயின் அறிகுறிகளோடு வருபவருக்கு இரண்டு. எந்த அறிகுறியும் இல்லாமல் வருபவருக்கு, வெவ்வேறு கோட்பாட்டில் அல்லது வெவ்வேறு வைரஸ் புரதங்களை (ஆன்டிஜென்) வைத்து இயங்கும் மூன்று கிட்களிலும் பாசிட்டிவ் வந்தால் மட்டுமே முடிவு சொல்லலாம். பிழை எந்தப் பக்கம் நேர்ந்தால் சேதம் அதிகம் என்பதை யோசித்து வகுத்த ஒழுங்கு இது. 2019-ல் உலக சுகாதார நிறுவனமும், எச்ஐவி சோதனைகளில் பாசிட்டிவ் ஆவோரின் விகிதம் குறைந்துகொண்டே வருவதால் எல்லா நாடுகளும் மூன்று சோதனை முறைக்கு மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோய் அருகும்போது சோதனையைக் குறைக்கலாம் என்று மனம் சொல்லும். கணக்கோ அதற்கு மாறாகச் சொல்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டாவது சோதனைக்கு ஆளும் காசும் நேரமும் வேண்டும். மலைக்கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை வந்த கர்ப்பிணி, ரிப்போர்ட் வாங்க மறுவாரம் வருவார் என்று என்ன நிச்சயம்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ல் உலகில் 11 லட்சம் கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ் இருந்தது. அதனால் 3,90,000-க்கும் அதிகமான கர்ப்பங்கள் இறந்து பிறத்தல், குறைப்பிரசவம், பிறவி சிபிலிஸ் என்று துயரத்தில் முடிந்தன. இத்தனைக்கும் மருந்து ஒரு பென்சிலின் ஊசி. 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவாவது போட்டுவிட்டால் பிள்ளை தப்பிவிடும். இந்த இடத்தில் இரண்டாவது சோதனைக்காகக் காத்திருப்பது தவறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் துரிதச் சோதனையில் பாசிட்டிவ் என்றால் அன்றைக்கே முதல் ஊசியைப் போடுங்கள், பிறகு உறுதிச் சோதனைக்கு அனுப்புங்கள் என்றுதான் வசதி குறைந்த இடங்களுக்கு 2017-ன் உலகளாவிய வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை. வேண்டாத ஒரு பென்சிலின் ஊசியின் தீங்கு சிறிது, ஒரு பிள்ளையை இழப்பதன் தீங்கு பெரிது. எனவே சிகிச்சை முந்துகிறது, தீர்ப்பு பின்னால் வருகிறது. ஊசி போடப்பட்டுவிட்டது என்பதாலேயே அந்தப் பெண்ணின் தாய்சேய் அட்டையில் சிபிலிஸ் என்று எழுதிவிடக் கூடாது, அவருடைய கணவர் வீட்டாரிடம் சொல்லிவிடக் கூடாது. சிகிச்சைக்கு ஒரு சோதனை போதும் என்ற இடத்திலும், நோய் என்று பெயர் சூட்ட இரண்டாவது வேண்டும்.

இதே மறுப்பின் இன்னொரு வடிவம், சோதனையே வேண்டாம், அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுத்துவிடலாம் என்பது. நம் அரசு மருத்துவமனைகளில் நிறம் வைத்துப் பிரித்த ஏழு மருந்துப் பொட்டலங்கள் பல ஆண்டுகளாக இந்த முறையில் கொடுக்கப்படுகின்றன. ஆண்களின் சீழ்ப் போக்குக்கும் பிறப்புறுப்புப் புண்ணுக்கும் இது நன்றாகவே பயன்பட்டது, எத்தனையோ பேரை முதல் வருகையிலேயே குணப்படுத்தியது. பெண்களின் வெள்ளைப்படுதலில்தான் தடுமாறுகிறது. வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணம் பாலுறவால் தொற்றாத பாக்டீரியச் சமநிலைக் குலைவோ பூஞ்சையோதான். மறுபக்கம், கிளமிடியா உள்ள பெண்ணுக்கு வெள்ளைப்படுதலே இல்லாமல் இருக்கலாம். ஆக, நோய் இல்லாதவர் மருந்து வாங்குகிறார், நோய் உள்ளவர் மருத்துவமனைக்கே வருவதில்லை. 2021-ல் உலக சுகாதார நிறுவனமே, தரமான மூலக்கூறு சோதனை கிடைக்கும் இடங்களில் அதன் அடிப்படையில் மருத்துவம் செய்யுங்கள் என்று மாற்றிச் சொன்னது.

இரண்டாவது மறுப்பு இங்கிருந்தே புறப்படுகிறது. எதிர்ப்பொருள் போன்ற மறைமுகச் சுவடுகளின் காலம் போய்விட்டது, இப்போது கிருமியின் மரபுப்பொருளையே பிசிஆர் போன்ற முறைகளால் பெருக்கிப் பார்க்கிறோம், இதற்கு எதற்கு இரண்டாவது சோதனை என்பது அது. மூலக்கூறு சோதனைகள் பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. சிறுநீரிலேயே கிளமிடியாவையும் கொனோரியாவையும் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆனால் ஸ்வீடனில் 2006-ல் நடந்ததைப் பாருங்கள். ஹாலண்ட் என்ற மாவட்டத்தில் கிளமிடியா எண்ணிக்கை காரணமில்லாமல் குறைந்தது. நோய் குறையவில்லை. கிருமியின் பிளாஸ்மிட் என்ற மரபுப்பொருள் துண்டில் 377 எழுத்துகள் உதிர்ந்துபோன ஒரு புதிய வகை பரவியிருந்தது. பரவலாகப் பயன்பட்ட இரண்டு சோதனைக் கருவிகள் தேடியது சரியாக அந்த 377 எழுத்துகளுக்குள் இருந்த பகுதியை. கருவிக்குத் தெரியாததாலேயே அந்த வகைக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை, சிகிச்சை கிடைக்காததாலேயே அது மற்றவற்றை முந்திப் பரவியது. அந்தக் கருவிகளைப் பயன்படுத்திய மாவட்டங்களில் தொற்றுகளில் 20 முதல் 65 சதவீதம் வரை இந்த வகையாகவே இருந்தது. இதற்குக் கண்ட தீர்வு என்ன? மரபுப்பொருளில் ஒரே இடத்துக்குப் பதில் இரண்டு வெவ்வேறு இடங்களைத் தேடும்படி சோதனையை மாற்றியமைத்தார்கள். 2019-ல் பின்லாந்தில் வேறொரு பிறழ்வு வேறொரு கருவியை ஏமாற்றியபோதும் இதே வழியைத்தான் நாடினார்கள். இரண்டாவது சோதனை இங்கே முதல் சோதனையின் வயிற்றுக்குள்ளேயே குடியேறிவிட்டது, அவ்வளவுதான் வேறுபாடு. இதோடு, கொனோரியாக் கிருமியின் உறவான, தொண்டையில் தீங்கின்றி வாழும் நைசீரியா இனங்கள் கொனோரியாவாகத் தவறாகப் படிக்கப்படுவதும் உண்டு. சிகிச்சை முடிந்து மூன்று நான்கு வாரங்கள் வரை செத்த கிருமியின் மரபுப்பொருள் தங்கியிருந்து பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. எந்த மருந்துக்குக் கொனோரியாக் கிருமி மசியும் என்பதை அறிய இன்றும் பெரும்பாலும் அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெகட்டிவுக்கும் இரண்டாவது சோதனை உண்டா? உண்டு, ஆனால் அங்கே மாற வேண்டியது கிட் அல்ல, நாள். தொற்று நுழைந்த மறுநாள் எந்த ரத்தச் சோதனையும் அதைக் காணாது. எச்ஐவிக்கு எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைகளுக்கு 23 முதல் 90 நாட்கள் வரை தேவைப்படும். வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள். சிபிலிஸின் புண் இருக்கும்போதே விடிஆர்எல் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு நெகட்டிவ் வரக்கூடும். வேறுசிலருக்கு எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருப்பதாலேயே திரளாமல் நெகட்டிவ் காட்டும், சீரத்தை நீர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஐயம் உள்ளவர் நெகட்டிவ் என்ற ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதி கொள்வது, பாசிட்டிவ் என்ற ஒரு சீட்டை வைத்துக்கொண்டு இடிந்துபோவதற்குச் சமமான பிழை.

ஆகவே, முழு உடல் பரிசோதனைப் பொட்டலத்தில் கேட்காமலே சேர்த்திருந்த விடிஆர்எல் சோதனையில் பாசிட்டிவ் என்று உங்களுக்கு வந்தால், யாரையும் குற்றம் சாட்டும் முன், எதையும் ஒத்துக்கொள்ளும் முன், டிபிஎச்ஏ செய்யச் சொல்லுங்கள். எச்ஐவி என்று வந்தால், எத்தனை கிட்களில் பார்த்தார்கள், அவை வெவ்வேறு வகையா என்று கேளுங்கள். நெகட்டிவ் என்று வந்தால், ஐயத்துக்குரிய நாளிலிருந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்ஐவிக்கும், சுகவாழ்வு மையங்களில் மற்ற பால்வினை நோய்களுக்கும் சோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் அறிந்து நீங்கள் தரும் ஒப்புதல் இல்லாமல் எச்ஐவி சோதனை செய்வதையும், முடிவைப் பிறருக்குச் சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது.